ஒரு ஜோடி போதாது

பெற்ற தகப்பனைக் கூடத்தில் கிடத்தியிருக்கும்போது, மூத்தவள் முட்டி போட்டுத் தரையை ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

தட்டிவிட்டுச் சும்மா இருந்தாலாவது, துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது பாவம் என்று விட்டிருப்பார்கள். ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் கைபேசியைத் தரையில் வைத்து அதன் முகத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு முழம் தள்ளி நகர்ந்து மறுபடி ஒரு தட்டு. உட்கார்ந்திருந்தவர்கள் காலைத் தூக்கி வழிவிட்டார்கள். எதிர்வீட்டுத் தையற்காரி, துணியில் குத்தாத நேரத்தில் ஆளைக் குத்துகிறவள், மருந்துக்கடைக்காரர் மனைவியின் காதருகே சாய்ந்தாள்.

"அப்பன் கண்ணை மூடினதும் மகளுக்கு வேலை வந்திருச்சு பார்த்தீங்களா."

"பூச்சி கீச்சி ஏதாச்சும் இருக்கோ என்னமோ."

"கான்கிரீட்டுக்குள்ள என்ன பூச்சி? நாமதான் பூச்சி, ஓரமா ஒதுங்கி உக்காந்திருக்கோம்."

தையற்காரியைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வீட்டு ரத்தமே அப்படி. கிடத்தப்பட்டிருந்தவரைத் தெருவில் ஒருத்தரும் பேராசிரியர் என்று கூப்பிட்டதில்லை. தட்டுவாத்தியார் என்றுதான் பேர். கேஸ் சிலிண்டர் வந்தால் தட்டுவார். தண்ணீர்த் தொட்டியைத் தட்டுவார். மருந்துக்கடைக்காரர் வீட்டுக்குப் புது இரும்பு பீரோ வந்தபோது, வாழ்த்தப் போன மனிதர் அதை முட்டியால் நாலு இடத்தில் தட்டி, "உள்ள ஒரு மூலையில வெல்டிங் விட்டிருக்கு" என்றார். மெய்தான், விட்டிருந்தது. அதற்காக அந்த வீட்டில் ஒரு வருஷம் அவரோடு பேசவில்லை. பீரோ கெட்டது அவர் தட்டியதால்தான் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். "தெருவுக்குத் தட்டிக் கேட்க ஒரு ஆள் வேண்டாமா?" என்று அவரே சிரித்துக்கொள்வார்.

கல்லூரியிலும் அவருக்கு அதே வேலைதான். பௌதிக ஆய்வுக்கூடத்தில் கைப்பிடிக்குள் அடங்குகிற ஓர் அலுமினியக் கட்டி. அதைத் தட்டினால் அதற்குள்ளிருந்து நூற்றுக்கணக்கான ஒலிகள் கிளம்பும். அந்த ஒலிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று பார்ப்பதற்குத்தான் மனிதர் தலைமுடி முழுவதையும் கொடுத்தார். கட்டி சீராக, பிசிறில்லாமல் இருந்தால் ஒலிகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. ரயில் நிலையத்துக் கூட்டம் மாதிரி இடித்துக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். கட்டியின் ஒரு மூலையை மட்டும் கரண்டியால் அள்ளியது போலச் செதுக்கிவிட்டால் போதும். எல்லா ஒலிக்கும் எல்லா ஒலியும் உறவாகிவிடும். உறவானதும் இடைவெளி விட்டுத் தள்ளித் தள்ளி நிற்கும், ஒரே பந்தலில் மாட்டிக்கொண்ட சம்பந்திகள் மாதிரி.

எவ்வளவு தள்ளி நிற்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. மூத்தவள் அந்தக் கணக்கைப் படித்தவள். ராண்டம் மேட்ரிக்ஸ் என்று பேர். ஒரு பெரிய சதுரக் கட்டம் போட்டு, அதில் மனம்போனபடி எண்களை வாரி இறைக்க வேண்டும். தாயக்கட்டை உருட்டி நிரப்பினாலும் சரிதான். அந்தக் கட்டத்தைப் பிழிந்தால் சில எண்கள் சொட்டும். அவை ஒன்றுக்கொன்று விடுகிற இடைவெளியைத்தான் செதுக்கிய அலுமினியமும் விடுகிறது, கனமான அணுவின் வயிற்றுக்குள் இருக்கிற சக்தி நிலைகளும் விடுகின்றன. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. தாயக்கட்டைக்கும் அணுவுக்கும் என்ன ஒட்டு என்று தெருவில் கேட்டால் சிரிப்பார்கள். அப்பாவும் மகளும் அதை வைத்துத்தான் முப்பது வருஷம் சாப்பிட்டார்கள், அதை வைத்துத்தான் சண்டையும் போட்டார்கள்.

சண்டை என்றால், ஒரே ஒரு வாக்கியம். அவள் மாணவியாக இருந்தபோது, அடுத்தடுத்து ஒட்டி நின்ற இரண்டு ஒலிகளைப் பார்த்துவிட்டுக் கருத்தரங்கில் எழுந்து, இந்தக் கட்டிக்குள் விரிசல் இருக்கிறது என்று அறிவித்தாள். அரங்கம் நிறைய ஆள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா திரும்பாமலே கேட்டார்: "ஒரு ஜோடியப் பார்த்துட்டு ஊரைக் கூட்டினியாம்மா?" அரங்கம் சிரித்தது. அவர் சொன்னது நியாயம். ஒரு ஜோடி தற்செயலாகவும் ஒட்டலாம். பல ஜோடி ஒட்டினால்தான் சாட்சி. ஆனால் நியாயம் வேறு, நெஞ்சில் தைத்தது வேறு. அதை அவள் மறந்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

இன்று காலை வெயில் ஏறிய நேரத்தில் அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். நெஞ்சில் நீர் கோத்துப் படுக்கையோடு படுக்கையாகி மாதங்கள் ஆகியிருந்தன. பிடி மட்டும் கெட்டியாக இருந்தது. வாசலுக்கு எதிரே நிறுத்தத்திலிருந்து ஒரு பேருந்து அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது.

"கேக்குதா?"

"என்னப்பா?"

"ரெண்டு. ஒட்டிக்கிட்டு நிக்குது. ஏறி இறங்குது பார்."

அவள் உள்ளங்கையைத் தரையில் வைத்தாள். பேருந்தின் அதிர்வு போன பிறகும் தரையில் ஏதோ மிச்சம் இருந்தது. மெல்லப் பெருகி, மெல்லத் தணிந்து, மறுபடி பெருகியது. ஏறத்தாழ ஒரே ஒலியாக இரண்டு சேர்ந்தால் அப்படித்தான், ஏறி இறங்கும். எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நிதானமாக ஏறி இறங்கும்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் தள்ளித்தான் இருந்துச்சு" என்றார். "இந்த ரூமும் கூடமும் ஒரே அளவு. தரை ஒண்ணா இருந்தா ரெண்டும் ஒதுங்கி நிக்கும். எங்கயோ அறுந்திருக்கு."

அப்போதுதான் அவள் சொன்னாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடிதான் சொன்னாள். "ஒரு ஜோடியப் பார்த்துட்டு ஊரைக் கூட்டலாமாப்பா?"

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமில்லை. ஏதோ நெடுநாள் பாக்கி வந்து சேர்ந்த மாதிரி ஒரு பார்வை.

"அப்ப இன்னும் தட்டிப் பாரு" என்றார்.

"மருந்தக் குடிங்க முதல்ல. அப்புறம் தட்டலாம்."

பாதி குடித்தார். அவள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வருவதற்குள் போய்விட்டிருந்தார்.

பிறகு அழுகை, வெளியூரிலிருந்த சின்னவளுக்குத் தொலைபேசி, நாற்காலி வாடகைக்குச் சொல்வது, டாக்டர் வந்து சீட்டு எழுதுவது என்று எல்லா வீட்டிலும் நடப்பதெல்லாம் நடந்தது. உடம்பைப் படுக்கையறையிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவந்து, பெஞ்சின் மேல் கிடத்தினார்கள். வீடு மாடியில். கீழ்த்தளம் அவள் தம்பியினுடையது. கூடம் நிரம்பியது, பிறகு படுக்கையறையும் நிரம்பியது. தட்டுவாத்தியாரைக் கேலி செய்யாதவர் தெருவில் இல்லை. அதனாலேயே வராதவரும் இல்லை.

அம்மா பெஞ்சின் பக்கத்தில், அவள் அப்பாவின் தலைமாட்டில், தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பேருந்து கிளம்பியது. தரை மூச்சு விட்டது. காலையில் விட்டதைவிட நிதானமாக, நீளமாக விட்டது. அடுத்த பேருந்துக்கு இன்னும் நீளம். படியில் ஆட்கள் ஏறி ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

மூத்தவள் எழுந்து போய் அப்பாவின் மேசையிலிருந்து ரப்பர் சுத்தியலை எடுத்து வந்தாள்.

கைபேசியின் திரையில் ஒலிகள் முள் முள்ளாக எழும்பின. கூடத்தின் நடுவில் தட்டினாள், சுவரோரம் தட்டினாள், படுக்கையறை வாசலின் இரண்டு பக்கமும் தட்டினாள். ஒரு முள்ளுக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் இன்னொரு முள். அதற்கு அப்பால் இன்னொரு இரட்டை. அதற்கும் அப்பால் இன்னொன்று. எங்கே பார்த்தாலும் இரட்டை. கட்டி ஒன்றாக இருந்தால் இப்படி வரவே வராது. தனித்தனியான இரண்டு கட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால்தான் வரும்.

"அக்கா." தம்பி அவள் முழங்கையைப் பிடித்துச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனான். "என்ன பண்ற நீ? வர்றவங்க காறித் துப்புறாங்க."

"துப்பட்டும். கீழ அந்தச் சுவரை எப்ப எடுத்த?"

"எந்தச் சுவர்?"

"கார் உள்ள வரணும்னு எடுத்தியே."

"போன மாசம். ஏன் இப்ப அது?"

"அது இந்தக் கூடத்துக்கும் ரூமுக்கும் நடுவுல, நேர் கீழ நின்ன சுவர்."

"சும்மா நின்ன சுவர் அது. கொத்தனாரே சொன்னாரு."

"சும்மா நிக்கிறதும் தாங்கிக்கிட்டு நிக்கிறதும் பார்க்க ஒரே மாதிரிதான்டா இருக்கும். எடுத்தாத்தான் வித்தியாசம் தெரியும்."

அவன் குரலைத் தாழ்த்தினான். தம்பிக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும், அது அந்தத் தெருவுக்கே தெரியும். "அப்பா போன அன்னிக்கு, அப்பாவைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, நான் வீட்டை இடிச்சுட்டேன்னு என்கிட்ட சொல்ற. இதுக்குத்தான் தட்டிக்கிட்டு இருந்தியா? எனக்குக் கீழ பங்கு கொடுத்தது உனக்கு இன்னும் ஆறலயா?"

"இத்தனை பேரையும் கீழ இறக்கணும்."

"இழவு வீட்டுல வந்தவங்களை எழுந்து போங்கன்னு நான் சொல்ல மாட்டேன்."

"நீ சொல்ல வேண்டாம். கீழ போய், கார் பக்கத்துல நின்னு நிமிர்ந்து பார். அவ்வளவுதான் கேக்கிறேன்."

"அங்க ஒண்ணும் இல்லன்னா?"

"இல்லன்னா அந்தச் சுத்தியலைத் தூக்கிக் குப்பையில போட்டுர்றேன். நீ சொல்ற மூலையில உக்காந்து நீ சொல்ற மாதிரி அழறேன்."

அவன் போனான். அவளை வாயடைக்க வேண்டும் என்கிற வேகத்தில்தான் போனான்.

அந்த நேரம் பார்த்தா வரவேண்டும், வாத்தியாரின் பழைய மாணவர்கள். வேன் நிறைய வந்து இறங்கி, கதவில் நுழையாத அளவுக்கு ஒரு மலர் வளையத்தைச் சாய்த்துப் பிடித்தபடி படியேறினார்கள். மூத்தவள் படியின் உச்சியில் இரண்டு கையையும் கைப்பிடிகளில் ஊன்றி நின்றாள்.

"கொஞ்சம் கீழயே இருங்க. அப்பாவைக் கொண்டுவர்றோம்."

கூடத்துக்குள் சலசலப்பு. "பார்க்கவே விடலையே," "சொத்துத் தகராறு போல," "அதெல்லாம் எப்பவோ இருக்கு" என்று தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். தையற்காரி மட்டும் குனிந்து தன் நாற்காலியின் அடியைப் பார்த்தாள். அவளுடைய நாற்காலி படுக்கையறை வாசலுக்கு நேரே இருந்தது. ஒரு கால் மட்டும் ஆட ஆரம்பித்திருந்தது. வந்து உட்கார்ந்தபோது அது ஆடவில்லை.

மாணவர்களில் முன்னால் நின்றவர் இப்போது அவரே ஒரு துறைத் தலைவர், தலை நன்றாக வழுக்கை. அவள் கையிலிருந்த கைபேசியைப் பார்த்தார். பழக்கதோஷம். கழுத்தை நீட்டி இன்னும் நன்றாகப் பார்த்தார்.

"எல்லாம் ஜோடி ஜோடியா நிக்குதே. ரெண்டு துண்டா போயிருக்கு. இது சாரோட எந்தக் கட்டி?"

"கட்டி இல்ல."

"பின்ன?"

"இந்த வீடு."

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். மேல்படியில் வைத்திருந்த வலது காலை எடுத்து, முட்டையின் மேல் நடக்கிறவர் போல, கீழ்ப்படியில் வைத்தார். பின்னால் இருந்தவர்களுக்கு, இறங்குங்கள் என்று கையை அசைத்தார். மலர் வளையம் வந்த வழியே இறங்கியது.

தம்பி அவர்களை விலக்கிக்கொண்டு மேலே வந்தான். தலைமுடியில், தோளில், புருவத்தில் வெள்ளைத் தூள். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் அவளைத் தாண்டிக் கூடத்துக்குள் போய், கைகூப்பினான்.

"மேல காத்தே இல்ல. பெரியவங்க எல்லாம் புழுங்கிக்கிட்டு இருக்கீங்க. கீழ தெருவுல நிழல்ல நாற்காலி போடச் சொல்லியிருக்கேன். ஒவ்வொருத்தரா, மெதுவா வாங்க."

கூடத்தில் காற்றாடி சுழன்றுகொண்டுதான் இருந்தது. ஆனாலும் எழுந்தார்கள். ஒவ்வொருத்தரா என்று அவன் சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. மருந்துக்கடைக்காரர் மனைவி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். அக்காவைக் கடக்கும்போது அவன், உதட்டை அசைக்காமல், "விரல் போகுது" என்றான். அவ்வளவுதான். எதற்குள் விரல் போகிறது என்று அவள் கேட்கவில்லை.

எல்லாரும் இறங்கினார்கள், அம்மா இறங்கவில்லை.

அம்மா பெஞ்சின் பக்கத்தில், அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். படுக்கையறை வாசலுக்கு அரை முழம் இந்தப் பக்கம். "சின்னவ வந்துக்கிட்டு இருக்கா" என்றாள். "நான் வந்து அப்பாவை வீட்டுல வச்சுப் பார்க்கணும்னு போன்ல அழுதா. அவ வர்ற வரைக்கும் இவரை யாரும் தொடக்கூடாது."

"கீழ வச்சுப் பார்க்கலாம்மா."

"தெருவுலயா? தெருவுல போட்டா இவரை வச்சிருப்பீங்க? ஊரெல்லாம் சிரிச்சுது இவரை, நீங்களுமா?"

தம்பி வாயைத் திறந்தான். மூத்தவள் கண்ணாலேயே அடக்கினாள். காரணம் சொன்னால் அம்மா அசைய மாட்டாள், நானும் அவரோடேயே போகிறேன் என்று உட்கார்ந்துவிடுவாள். அப்படிப்பட்ட அழுத்தக்காரி. மூத்தவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்காரும்போது எப்படி உட்கார்ந்தால் கனம் குறையும் என்று யோசித்தாள். அப்படி ஒரு வழி இல்லை.

அம்மாவின் இன்னொரு கையை எடுத்துத் தரையில் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டாள். மூன்று பேரும் பேருந்துக்குக் காத்திருந்தார்கள். வந்தது, நின்றது, கிளம்பியது. தரை பெருகி, வெகுநேரம் அப்படியே நின்று, வெகுநேரம் கழித்துத் தணிந்தது.

அம்மா கையை எடுக்கவில்லை.

"நேத்து ராத்திரி பூரா இது இருந்துச்சு" என்றாள். "அவரு மூச்சுன்னு நினைச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். நல்லா தூங்குறாருன்னு."

மறுபடி பெருகியது. அம்மா கணவரின் முகத்தைப் பார்த்தாள், மார்பைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"இப்பவும் வருதே" என்றாள்.

அவளே தரையில் கையூன்றாமல், மகளின் தோளைப் பிடித்து எழுந்தாள்.

தூக்க நாலு பேர்தான் என்று மூத்தவள் சொல்லிவிட்டாள். வழுக்கைத் தலை மாணவர் இன்னும் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, செருப்பைக் கழற்றிவிட்டு மேலே வந்தார். தேர்ந்தெடுத்ததெல்லாம் ஒல்லியான ஆட்கள். தட்டுவாத்தியார் ஆயுளில் அவ்வளவு மெதுவாக அந்தப் படியில் இறங்கியதில்லை. ஒரு படி இறங்கி நின்றார்கள். தரை அடங்கியதும் அடுத்த படி. முன்னால் தம்பி, தூக்கியவர்களுக்குப் படி சொல்லியபடி, பின்னோக்கி இறங்கினான். அப்பாவின் பாதங்கள் அவன் நெஞ்சை உரசிக்கொண்டு வந்தன. அம்மா பின்னால். மூத்தவள் கடைசியில் இறங்கினாள். மேலே காற்றாடி காலி நாற்காலிகளுக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டு வருகிறேன் என்று யாரோ கிளம்பியபோது மூன்று பேர் ஒரே நேரத்தில் அவரைப் பிடித்தார்கள்.

தெருவில் நடைபாதையோரம், வீட்டு மதிலை ஒட்டி நிழலில், இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்து அவரைக் கிடத்தினார்கள். ஜனங்கள் நாற்காலிகளை அவரைச் சுற்றிப் போட்டார்கள். கீழே திறந்து கிடந்த கார் கொட்டகையில் தம்பியின் புதுக் கார் நின்றது. அதன் முன்கண்ணாடியில் நடுவாக ஒரு கோடு போல வெள்ளைத் தூள் விழுந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு கொஞ்சம் தடித்தது.

மூத்தவளின் கைபேசி ஒலித்தது. சின்னவள்.

"அக்கா, தெருமுனைக்கு வந்துட்டேன். டாக்ஸி வீட்டு வாசல் வரைக்கும் வரும்ல?"

"வேண்டாம். அங்கயே இறங்கி நடந்து வா."

"ஏன்க்கா, கூட்டமா?"

"ஆமா. ஓரமா வராத. எதிர்ப்பக்கம் நடந்து வா."

அவள் கைபேசியைத் தாழ்த்திவிட்டு வீட்டைப் பார்த்தாள். கீழிருந்து மேல்வரை பார்த்தாள். பிறகு பெஞ்சுக்கும் மதிலுக்கும் நடுவே இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"பெஞ்சை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடுங்க" என்றாள்.

நாலு பேர் தூக்கித் தள்ளி வைத்தார்கள். நிழல் போய் வெயில் வந்தது. அப்பாவின் முகத்தில் வெயில் விழுந்தது. அம்மா முந்தானையை விரித்து மறைத்தாள்.

"இன்னும்."

தூக்கினார்கள். வைத்தார்கள். இந்த முறை தையற்காரியும் நிமிர்ந்து வீட்டின் உயரத்தைப் பார்த்தாள். தெருவின் அகலத்தைப் பார்த்தாள். தன் வீட்டு வாசலையும் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். தன் நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெஞ்சின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

"எதுவரைக்கும்னு சொல்லும்மா" என்றாள். "போயிரலாம்."